ஓடுகின்ற ஒரு சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கத்தின் ஆண்டு விழா என்றால் சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நானோ ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தமிழ் மேடையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்தருளுங்கள். அந்தச் சொல்லின் பின்னாலேயே சென்றால், அது நம் வீட்டு வாயிலிலேயே நம்மைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அச்சொல் 'ரன்' என்பது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள். நம் குடியிருப்பின் மைதானத்தில் மட்டை பிடிக்கும் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் அது தெரியும். பொருள் என்னவென்று கேட்டால் 'ஓடு' என்று உடனே விடை வரும். பொருள் அவ்வளவுதானா?

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியை நீங்கள் அறிவீர்கள். 1857-ஆம் ஆண்டில் இலண்டன் மொழியியற் கழகத்தில் எழுந்த எண்ணம், 1884-இல் முதற் பகுதியாக வெளிவந்து, 1928-இல் பெருநூலாக நிறைவெய்தியது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகள் கொண்டது. அதில் மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் 'செட்' என்பது. அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தி வருகையில், 2011-இல் 'ரன்' அதனை வென்றுவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கண்டனர். பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஏறத்தாழ ஒன்பது திங்கள் உழைத்தார். ஒரு பிள்ளையைப் பெற்றெடுக்கும் காலம் அல்லவா அது!

இச்சொல்லின் விளையாட்டைச் சிறிது பாருங்கள். கிரிக்கெட்டில் இருபத்திரண்டு கஜ தூரத்தை ஓடிக் கடந்தால் ஒரு 'ரன்'. இது நியாயம். ஆனால் பந்து எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால், ஆட்டக்காரர் நின்ற இடத்திலேயே நின்று புன்னகை செய்ய, அவர் கணக்கில் நான்கு 'ரன்'கள் ஏறுகின்றன. ஓடாமலே ஓட்டம்!

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இங்கிலாந்து நாட்டில் நார்தர்ன் ராக் என்னும் வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். வங்கி முறிந்துவிடுமோ என்ற அச்சத்தால் போட்ட பணத்தைத் திரும்பப் பெற வந்தவர்கள் அவர்கள். மணிக்கணக்காக அவர்கள் நின்றார்கள். ஆங்கிலமோ அதனை வங்கியின் மேல் 'ரன்' என்று கூறியது. கால்கள் நின்றாலும் நம்பிக்கை ஓடிவிட்டது என்று நாம் பொருள் கொள்ளலாம்.

தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒருவர் பதவிக்கு 'ரன்' செய்கிறார். அதே செயலை இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்' என்கின்றனர். அங்கே ஓடுகிறார், இங்கே நிற்கிறார். மொழி ஒன்று, செயலும் ஒன்று. நாமும் 'தேர்தலில் நிற்கிறார்' என்றே சொல்கிறோம். ஓடுவதா நிற்பதா என்பதைப் பகுத்தறிவு முடிவு செய்யவில்லை. வழக்கு முடிவு செய்தது.

இச்சொல்லோடு ஒரு சிறு துணைச்சொல் சேர்ந்துவிட்டாலோ, பொருள் அடியோடு மாறிவிடும். ஆட்டக்காரரும் 'ரன் அவுட்' ஆகிறார். நம் வீட்டுச் சர்க்கரையும் 'ரன் அவுட்' ஆகிறது. பாடக் குறிப்பை மாணவன் 'ரன் ஓவர்' செய்தால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தான் என்று பொருள். மனிதன்மேல் வண்டி 'ரன் ஓவர்' ஆனால் அது பெருந்துயரம்.

இத்தனை பொருள்கள் எங்கிருந்து வந்தன? பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் கால்களின் ஓட்டத்தையும் நீரின் ஓட்டத்தையும் குறித்தது. பிறகு மாலுமிகள் அதனை எடுத்துக்கொண்டார்கள். காற்று பின்னிருந்து தள்ளக் கப்பல் 'ரன்' ஆயிற்று. வணிகர் கணக்கை 'ரன்' ஆக விட்டார்கள். அச்சகத்தார் ஒரே வீச்சில் அச்சிடும் படிகளுக்கு அப்பெயரை இட்டார்கள். பின்னர்ப் பொறிகளின் காலம் வந்தது. ஆலை 'ரன்' ஆயிற்று. இரயில் 'ரன்' ஆயிற்று. நம் நாட்டிலும் 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கும் இரயில் ஓடத் தொடங்கிற்று. இன்று கணினியில் நிரல்கள் 'ரன்' ஆகின்றன. புதிய பொருள் ஒன்று உலகில் தோன்றியபோதெல்லாம் ஆங்கிலம் பேசும் மக்கள் புதுச்சொல் தேடித் திகைக்கவில்லை. கையிலிருந்த பழைய சொல்லையே எடுத்து வழங்கினர். அந்த 645 பொருள்களை அகராதிக்காரர் படைக்கவில்லை. பேசிய மக்கள் படைத்தனர். அகராதிக்காரர் எண்ணி எழுதினார்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். தமிழில் 'ஓடு' என்னும் சொல் இதற்கு இளைத்ததா? ஆறு ஓடுகிறது, ஓடையும் ஓடமும் இருக்கின்றன. கடிகாரம் ஓடுகிறது. திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. உடம்பில் இரத்த ஓட்டம், உள்ளத்தில் எண்ண ஓட்டம். வேலையற்றவன் கடையில் ஈ ஓட்டுகிறான். வருவாய் குறைந்தவன் எப்படியோ காலத்தை ஓட்டுகிறான். கோயிலில் தேரோட்டம். தேரைப் புதிதாகச் செய்து முதலில் ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். ஆங்கிலத்தில் 'டிரையல் ரன்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டோ?

ஆங்கிலம் 'ரன்' என்று ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழ் வேறு வேறு சொற்களால் சொல்லும் அழகும் உண்டு. ஆங்கிலேயர் ஒரு பள்ளியை 'ரன்' செய்கிறார். நாம் பள்ளியை நடத்துகிறோம். அவர் ஓட்டுவதை நாம் நடக்கச் செய்கிறோம். நிதானமான மக்கள் அல்லவா நாம்! சளி பிடித்தால் ஆங்கில மூக்கு ஓடுகிறது. தமிழ் மூக்கு ஒழுகுகிறது. அந்த ஒழுகு என்னும் சொல்லிலிருந்துதான் ஒழுக்கம் என்னும் உயர்ந்த சொல்லும் பிறந்தது. நீர் தன் வழியே இடையறாது செல்வதுபோல் மனிதன் நன்னெறியில் இடையறாது செல்வது ஒழுக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நம் சங்கம் போன்ற இடங்களில் இருக்க வேண்டிய நூல். ஆனால் நூல் நிலையில் இருப்பதனால் மட்டும் சொல் வாழ்ந்துவிடுமா? இங்கே ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூற விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் வந்து சேர்ந்தார். ஊரில் கணவரை இழந்தபின் மகனோடு இருக்க வந்தவர். ஒரு மாலைப் பொழுதில் நான் அங்கே சென்றிருந்தேன். அம்மையார் சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டு, அருகிலிருந்த பேரனிடம், "எனக்கு ஒன்றும் ஓடவில்லையடா, கண்ணா" என்றார். பேரன் நல்ல பிள்ளை. சட்டென்று எழுந்து ஓடி, மின்விசிறியின் விசையைத் தட்டிவிட்டு, "ஓடுகிறதே, பாட்டி!" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மையாரும் சிரித்தார். வீடு திரும்பியபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சிறுவனுக்கு 'ரன்' என்னும் சொல்லின் இருபது பொருள்களாவது தெரிந்திருக்கும். 'ஓடு' என்பதற்கு விசிறியும் வண்டியும் மட்டுமே தெரிந்தன. பாட்டியின் துயரத்தைச் சுமந்துவந்த பொருள் அவனிடம் போய்ச் சேரவில்லை. அது அவன் குற்றமன்று. அச்சொல்லை அப்பொருளில் அவன் காதுபட யாரும் அதுவரை வழங்கியதில்லை. 'சாப்பிடு', 'குளி', 'கதவைச் சாத்து' என்பனவற்றைத் தமிழில் சொல்கிறோம். வருத்தத்தையும் வாதத்தையும் வேடிக்கையையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லிவிடுகிறோம். ஆதலால் தமிழ்ச்சொல் ஒவ்வொன்றும் நம் வீடுகளில் தன் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக இழந்து, ஏவல் சொல்லாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஆங்கிலச் சொல் வழங்க வழங்க வளர்ந்த கதையை முதலில் கூறினேன். தமிழ்ச்சொல் வழங்காமல் தேயும் கதை நம் கூடத்தில் நடக்கிறது.

ஆங்கிலம் வேண்டா என்று நான் கூறவில்லை. நம் சோற்றுக்கும் கல்விக்கும் அது துணை. இந்த மாலையில் நமக்கு மகிழ்ச்சியும் தந்தது. பெற்றோர்களை நான் வேண்டுவது ஒன்றே. நாள்தோறும் ஏவல் அல்லாத ஒரு செய்தியையேனும் குழந்தைகளிடம் தமிழில் பேசுங்கள். அலுவலகத்தில் நேர்ந்த வேடிக்கையைச் சொல்லுங்கள், மனக்குறையைச் சொல்லுங்கள். குழந்தை ஒரு சொல்லைத் தவறாக உணர்ந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அருகில் அமர்த்தி, 'மனம் ஒன்றிலும் செல்லாத நிலைக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை என்று பெயர்' என்று கூறுங்கள். அன்று அச்சொல் அவ்வீட்டில் மீண்டும் உயிர் பெறும்.

திருக்குறளில் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. இன்று நாளிதழ்களில் அச்சொல்லை 'நோக்குநிலை' என்ற பொருளில் வழங்குகின்றனர். வள்ளுவர் வழங்கிய பொருள் வேறு. பிறரிடம் கண் ஓடிச் செல்வதனால் உண்டாகும் இரக்கமே அது. அந்தச் சிறுவன் பாட்டிக்குக் குறை என்று கேட்டவுடன் எழுந்து ஓடினானே, அது கண்ணோட்டம். அன்பு அவனிடம் நிறைய இருந்தது. சொல் மட்டுந்தான் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மூத்தோராகிய நம் கடமை.