பாயின்ட் 22: தோட்டாவும் பெட்டியும்

பழைய பந்தயத் தோட்டாக்களைச் சேகரிப்பதில் தலைமை இடம் பாயின்ட் 22 அளவுக்கே உரியது. என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவர்கள் நன்கறிந்த அதே சிறு தோட்டாதான். 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘லாங் ரைபிள்’ வகை இன்றும் பந்தயக் களத்தில் நிற்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இதைக் கொண்டுதான். ஜவ்வாது மலையின் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தையும் ஈயத்தையும் குழல்வாய் வழியே கெட்டிப்பார்கள்; சுட்டபின் சேகரிக்க எதுவும் மிஞ்சாது. தோட்டாவில் பித்தளைக் கூடு மிஞ்சும். ஆனால் இந்தச் சேகரிப்பில் அந்தக் கூட்டைவிட மதிப்புள்ளது, தோட்டா வந்த அட்டைப்பெட்டி.

பாயின்ட் 22இல் தீப்பற்றும் மருந்து கூட்டின் அடிவிளிம்புக்குள் இருக்கும். அது சற்றே ஏறுமாறாகப் பரவினாலும் குண்டின் வேகம் மாறிவிடும். 50 மீட்டர் இலக்கில் பத்துக்கான வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டமே ஏறக்குறைய 5.6. அதனால்தான் தேர்ந்த வீரர்கள் ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியையும், தங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் லாட்டை மொத்தமாக வாங்கிவைக்கிறார்கள்.

தோட்டாவின் அடியில் பெரும்பாலும் ஒரே எழுத்துதான். ஈலி நிறுவனத்துக்கு ‘ஈ’. வின்செஸ்டருக்கு, துப்பாக்கி வடிவமைப்பாளர் பெஞ்சமின் ஹென்றியின் நினைவாக ‘எச்’. சாதாரணத் தோட்டாவிலும் பந்தயத் தோட்டாவிலும் அதே எழுத்தே இருக்கக்கூடும். தோட்டா ஓர் எழுத்தைச் சொல்லும். மீதி எல்லாவற்றையும் பெட்டி சொல்லும்.

ஐம்பது தோட்டா அடங்கும் அந்தச் சிறு பெட்டியை நிதானமாகப் படிக்க வேண்டும். பீட்டர்ஸின் ‘டியூவர் மேட்ச்’, ரெமிங்டனின் ‘பால்மா மேட்ச்’ ஆகியவை பந்தயக் கோப்பைகளின் பெயரைத் தாங்கியவை. ‘ரெமிங்டன்-யூஎம்சி’ என்று இருந்தால் பெட்டி 1912க்கு முந்தியதல்ல. அந்த ஆண்டில்தான் இரு பெயர்களும் ஒன்றாயின. ‘க்ளீன்போர்’ என்று இருந்தால் 1920களின் பிற்பகுதி அல்லது அதன் பின். அதற்கு முந்திய தீமருந்து குழலுக்குள் உப்பைப் படியவிட்டுத் துருவேற்றியது. அந்தக் குறை நீங்கியதைப் பறைசாற்றவே இந்தப் பெயர். லாட் எண் இருக்கும் பெட்டி இன்னும் உயர்வு. பழைய வீரர் ஒருவர் அதன் மேல் பென்சிலால் புள்ளி குறித்திருந்தால், எந்தப் பளபளப்பான பெட்டியும் அதற்கு ஈடாகாது. இன்று பலர் பட்டாளத்துப் பாயின்ட் 303 தோட்டாவை மெருகேற்றிக் கண்ணாடிக்குள் அடுக்குகிறார்கள். மெருகு போடும்போது வரலாறும் தேய்ந்துபோகிறது.

இந்தியாவில் பெட்டியை விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பகுதிகளையும் தோட்டா என்ற கணக்கிலேயே சேர்க்கிறது. அதனால் உரிமம் இல்லாதவர் வெற்றுக் கூட்டை வீட்டில் குவிப்பதுகூடச் சிக்கலில் முடியலாம். காலி அட்டைப்பெட்டிக்கும் பழைய விலைப்பட்டியலுக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

மலைப்பகுதி ஈரத்தில் அட்டை பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். கிழிந்த மடிப்பில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை அச்சை மஞ்சளாக்கிவிடும். அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.