கல்லு உடைக்க முன்னே பீலித் தண்ணியை அளப்போம்

(கண்டிப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம். மேல்கணக்குப் பாறையை உடைக்க ஒருவர் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். "கல்லு வேலை வந்தா பொடியன்களுக்குக் கைக்காசு கிடைக்கும்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாறைக்குக் கீழேதான் நம்ம பீலி இருக்கிறது.

நம்ம மலைநாட்டில் நிலத்தடித் தண்ணீர் பெரும்பாலும் பாறை வெடிப்புகளுக்குள்ளும், பாறைக்கு மேலே இருக்கிற மண்ணுக்குள்ளும்தான் ஊறி வருகிறது. வெடி வைத்தால் அந்த வெடிப்புகள் அடைபடலாம், புதிதாகத் திறக்கலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குழி தோண்டினால், பீலிக்கு வர வேண்டிய தண்ணீர் குழிக்குள் இறங்கிவிடும். மேல்மண்ணைச் சரிவில் கொட்டினால் மழைக்கு அது சேறாகி ஓடையில் இறங்கும்.

முன்பு நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இதுதான் நடந்தது. வெடி வைக்கத் தொடங்கி இரண்டாம் வருசம் பீலி நூலாகிப் போனது. சனங்களைக் கூட்டிக்கொண்டு போய் முறையிட்டோம். "முன்பு எவ்வளவு தண்ணீர் வந்தது?" என்று கேட்டார்கள். "நெறைய வந்திச்சு ஐயா" என்பதைத் தவிர எங்களிடம் ஒரு பதிலும் இல்லை. எழுதி வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். எழுதவில்லை. கல்லு முடிந்ததும் லொறிகள் போய்விட்டன, குழி மிஞ்சியது. பிள்ளைகள் விழாமல் இருக்க லயத்துச் சனங்களே கம்பு நட்டு வேலி கட்டினார்கள்.

கணக்கு இருந்தால் பேசலாம். 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி திகனைப் பக்கம் நிலம் அதிர்ந்தபோது, சுண்ணாம்புக் கல் குழிகளின் வெடியா, விக்டோரியா நீர்த்தேக்கமா என்று சனங்கள் பயந்து கேட்டார்கள். பல்லேகலையில் இருந்த கருவியில் அதிர்வு பதிவாகியிருந்தது. அதை வைத்துத்தான் அதிகாரிகள் ஆராயத் தொடங்கினார்கள். நம்ம பீலிக்கு அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் போதும்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். தோண்டியவரே நிலத்தைச் சீர்செய்து கொடுக்க வேண்டும், அதற்குப் பிணைப்பணம் கட்ட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பெரிய வேலையானால், அதாவது 10 ஹெக்டேயருக்கு மேல் பரப்பிலோ 25 மீற்றருக்கு மேல் ஆழத்திலோ தோண்டுவதானால், சுற்றாடல் மதிப்பீடு செய்ய வேண்டும். முழு மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. சிறிய வேலையாக இருந்தாலும் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாம் எழுதிக் கேட்கலாம்.

"நாங்க கேட்டா யார் மதிப்பாங்க?" என்று நினைக்க வேண்டாம். அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவல பொஸ்பேற்றை வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து தோண்டப் பார்த்தபோது, அங்குள்ள விவசாயிகளும் ஒரு விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முறையான ஆய்வு செய்து, முடிவை வெளியிட்டு, சுற்றாடல் அனுமதி எடுக்காமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. தோண்ட முன்னே போனதால்தான் அது நடந்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான்.

ஒன்று, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பீலியில் 20 லீற்றர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று கொப்பியில் எழுதுவோம். திகதி போட்டு இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். வெயில் காலம், மழைக்காலம் இரண்டுக்கும் கணக்கு வேண்டும். படித்த பிள்ளைகள் இதைப் பொறுப்பெடுங்கள்.

இரண்டு, லயத்துச் சுவர்களில் இப்போது இருக்கிற வெடிப்புகளைத் திகதியோடு படம் பிடித்து வைப்போம்.

மூன்று, பணியகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் கடிதம் எழுதுவோம். அதில் கேட்க வேண்டியவை: பீலி வற்றினால் தண்ணீர் கொடுப்பது யார்? குழித் தண்ணீர் எந்த வழியால் போகும்? மேல்மண்ணை எங்கே சேர்த்து வைப்பார்கள்? பிணைப்பணம் எவ்வளவு? எத்தனை மாதத்தில் மூடுவார்கள்? எதைப் போட்டு மூடுவார்கள்? கண்டிக் குப்பை கோஹாகொடையில் மகாவலிக் கரையோரம் மலையாகக் குவிந்த கதை நமக்குத் தெரியும். நம்ம குழியும் குப்பைக்கிடங்காகக் கூடாது.

நான்கு, சரிவு உறுதியானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்போம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை நாம் யாரும் மறக்கவில்லை. அது கல்லுக்குழியால் வந்த அழிவல்ல. ஆனாலும் மழைத் தண்ணீர் ஊறிய சரிவு லயங்களை என்ன செய்யும் என்று அன்று கண்டோம்.

இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் நல்ல பதில் வந்தால் கல்லு வேலை நடக்கட்டும், நம்ம பொடியன்களுக்கும் வேலை கிடைக்கட்டும். பதில் வராவிட்டால் நம்ம மறுப்பும் எழுத்தில் போகட்டும்.

கொப்பி ஒன்று வாங்கி வந்திருக்கிறோம். முதல் பக்கம் வெறுமையாக இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாளியோடு பீலியடிக்கு வாருங்கள்.