வேண்டும் என்பதும் அவள் உரிமை

பெண்ணின் ஆசையைக் கதையாக்கும் திரைத் தொகுப்புகளைத் தடை செய் என்றொரு குரல் அடிக்கடி எழுகிறது. 2018 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘லஸ்ட் ஸ்டோரீஸ்’, 2023இல் வந்த அதன் இரண்டாம் பாகம், இரண்டிலும் நான்கு நான்கு கதைகள். ஆபாசம் என்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஒரு பெண் ‘வேண்டும்’ என்று வாய் திறப்பதைக் குற்றமாக்கும் சமூகத்தில், அவள் சொல்லும் ‘வேண்டாம்’ என்பதும் செல்லாது. இரண்டையும் பிரிக்க முடியாது. ஒன்றைப் பறித்தால் மற்றதும் போகும்.

சந்தேகம் இருந்தால் சட்டப் புத்தகத்தைப் புரட்டுங்கள். 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு உறவு கொண்டவனுக்கு 5 ஆண்டு வரை சிறை என்றது. ஆனால் அவள் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை! அவளுடைய விருப்பத்தை அந்தப் பிரிவு ஒரு வரியில்கூடக் கேட்கவில்லை. 2018 செப்டம்பரில், ஜோசப் ஷைன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இது ‘வேண்டும்’ என்பதன் கதி. ‘வேண்டாம்’ என்பதன் கதி என்ன? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவைப் பாருங்கள். 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு இன்றும் அங்கே இருக்கிறது. பழைய சட்டம் போனது, பழைய எண்ணம் புதிய சட்டத்தில் குடியேறிவிட்டது.

இப்போது கதைகளுக்கு வாருங்கள். முதல் பாகத்தில் கரண் ஜோஹர் எடுத்த பகுதியில் கியாரா அத்வானி புது மனைவி. கணவன் கெட்டவன் அல்ல, அன்பானவன். ஆனாலும் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததில் தவறிருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. ஜோயா அக்தரின் பகுதியில் பூமி பெட்னேகர், தனியாக வாழும் ஓர் இளைஞனின் வீட்டில் வேலை செய்யும் பெண். அவன் படுக்கையில் இருந்தவளே, அவனுக்குப் பெண் பேச வந்தவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவள் முகத்தை அங்கே யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆசையைப் பங்கு போட்டவன், அவள் சொல்லுக்குப் பங்கு தரவில்லை. இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது, அந்தப் படுக்கையிலா, அந்த டீத் தட்டிலா?

“இதெல்லாம் வசதி படைத்த பெண்களின் பிரச்சினை, சோற்றுக்கு வழியில்லாதவளுக்கு இது எதற்கு?” என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் கொங்கணா சென் சர்மா எடுத்த கதையைப் பார்க்கச் சொல்லுங்கள். மும்பையில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், முதலாளியம்மா இல்லாத பகல் நேரத்தில், அந்த வீட்டுப் படுக்கையில் தன் சொந்தக் கணவனோடு இருக்கிறாள். தாலி கட்டியவனோடு தனித்திருக்கக்கூட அவளுடைய நெருக்கடியான வீட்டில் இடமில்லை. கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை கிடைக்காதது கூலிப் பிரச்சினை, வீட்டுவசதிப் பிரச்சினை. ஏழைக்கு ஆசை இல்லை என்று முடிவு கட்டுவது ஏழையை அரை மனிதராக்குவது.

“நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது” என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி, ராதையின் ஆசையைத் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியமாக எழுதினார். 1910இல் அதைத் தேடிப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதைத் தடை செய்தது யார்? வெள்ளைக்கார அரசு! புத்தகம் இந்த மண்ணுடையது, தடைதான் இறக்குமதி. அதற்கு ஒத்து ஊதிய சீர்திருத்தக்காரர்களும் இங்கே இருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை.

“கம்பெனிக்காரன் காமத்தை விற்கிறான்” என்பது கடைசி வாதம். அதில் உண்மை இருக்கிறது. ‘லஸ்ட் ஸ்டோரீஸ்’ என்ற தலைப்பே கடைவிரிக்கத்தான். பெண் ஆசைப்பட்டாலே அது விடுதலை என்றும் நான் சொல்லவில்லை. முதல் பாகத்தில், அனுராக் காஷ்யப்பின் பகுதியில் ராதிகா ஆப்தே ஆசிரியை, அவள் நாடுவது தன் மாணவனை. அங்கே அதிகாரம் அவள் கையில். அந்தக் கதை அவளுக்கு நற்சான்று கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. ஆகவே எந்தக் கதையிலும் எவ்வளவு தோல் தெரிகிறது என்று அளக்காதீர்கள். யார் சொல் செல்கிறது, யார் சொல் செல்லவில்லை என்று கேளுங்கள்.

தடை கேட்டு மனு எழுதும் கனவான்களுக்கு இந்த மேடையிலிருந்து சொல்கிறேன்: பெண்ணின் மானத்தில் உங்களுக்கு அவ்வளவு அக்கறை என்றால், அந்த மனுவைத் திருத்தி எழுதுங்கள். 63ஆம் பிரிவின் விதிவிலக்கை நீக்கு என்று எழுதுங்கள். முதல் கையெழுத்து நாங்கள் போடுகிறோம்!