இரண்டு கோட்டுக்கு நடுவில்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பண்டிகைக்கு முன்னால் நம்மில் பல பேர் வாசல் கதவுக்கு வார்னிஷ் அடிக்கப் போகிறீர்கள். அதனால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் தச்சன் இல்லை, வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் என் வீட்டுக் கதவை நானே வார்னிஷ் அடித்து, நானே கெடுத்து, நானே சுரண்டி மறுபடி அடித்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

முதல் தடவை ஞாயிற்றுக்கு ஞாயிறு ஒரு கோட் என்று மூன்று கோட் அடித்தேன். நடுவில் தேய்க்கவில்லை. பளபளவென்று இருப்பதைப் போய் யாராவது உப்புத்தாளால் தேய்ப்பார்களா என்று நினைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் கைப்பிடியைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷில், புதுக் கோட்டில் இருக்கும் ஸ்பிரிட் பழைய கோட்டைக் கொஞ்சம் இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நாம் கடையில் வாங்கும் பாலியூரித்தேன் வார்னிஷ் நன்றாக இறுகிவிட்டால் அப்படி இளகாது. மேல் கோட் பிடித்துக்கொள்ள நுண்ணிய கீறல்கள் வேண்டும். அதற்குத்தான் தேய்ப்பது. ஒட்டியிருக்கும் தூசியும் அதோடு போய்விடும்.

முதல் கோட் காய்ந்ததும் கதவைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். மரத்தின் நார் எழும்பி விறைத்திருக்கிறது. 220 நம்பர் தாளை ஒரு கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்த்தால் போதும். அடுத்த கோட்டுக்கு 320. ஓரங்களில் கட்டை வேண்டாம், கையால் ஒரு தடவை இழுங்கள். இல்லாவிட்டால் மரமே தெரிந்துவிடும். கடைசிக் கோட்டைத் தேய்க்க வேண்டாம்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? தேய்க்கும்போது வெள்ளைப் பொடி உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது. தாளில் பிசினாக உருண்டு ஒட்டினால் காயவில்லை, அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். பொடியை முதலில் காய்ந்த துணியால் துடைத்து, பிறகு டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். தேய்க்கும் நாளில் எதிர்வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்தத் தூசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

ஆள் வைத்துச் செய்தால், கோட்டுக்கு நடுவில் தேய்ப்பதையும் சேர்த்துக் கூலி பேசுங்கள். வெளியே தெரியாத வேலை என்பதால் முதலில் விட்டுப்போவது இதுதான்.

ஊஞ்சல் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்களுக்கு முறை வேறு. எண்ணெயைப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது தடவையிலிருந்து 400 நம்பர் வாட்டர் பேப்பரை அந்த எண்ணெயிலேயே நனைத்துத் தேய்த்தால், கிளம்பும் குழம்பு மரத்தின் கண்களை அடைத்துக்கொள்ளும். பலகை வழவழப்பாகிவிடும்.

ஆனால் துடைத்த பனியன் துணியை என்ன செய்வீர்கள்? சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துத்தான் காய்கிறது, அப்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1991 பிப்ரவரியில் ஒரு 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் எரிந்தது. 22ஆவது மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளில்தான் தீ தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். 30ஆவது மாடியில் தண்ணீர் தெளிப்பான்கள் இருந்ததால் தீ அங்கே நின்றது.

நம் மீட்டர் அறையிலும் மாடிப்படிக்கு அடியிலும் பெயின்ட் வேலைக்காரர்கள் பழந்துணி போட்டுவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். எண்ணெய்த் துணியை மொட்டை மாடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள்.

220, 320 தாள் கொஞ்சமும் தேய்க்கிற கட்டை ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம். கட்டையை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்.