உளி பிடிக்கக் குலம் எதற்கு?

(கடம்பத்தூரில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே தகடு வெட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள், வெல்டிங் அடிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அதே தகட்டையும் வெல்டிங்கையும் வைத்துச் சிற்பம் செய்தவர் பி.வி.ஜானகிராம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். செப்புத் தகட்டை அடித்து உருவத்தை எழுப்புவார். அதன்மேல் கம்பியைப் பற்றவைத்துக் கண், மூக்கு, நகை என்று கோடு இழுப்பார். கோயில் தெய்வங்களையும் செய்தார், கிறிஸ்துவையும் செய்தார்.

அவரைப் போன்றவர்கள் கூடி 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்ததுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். முன்னின்றவர் கே.சி.எஸ்.பணிக்கர். ஓவியமும் சிற்பமும் அன்று சோறு போடவில்லை. அதனால் பாடிக் துணி, மட்பாண்டம், உலோக அணிகலன் என்று கைத்தொழில் செய்து விற்றார்கள். சுமார் 10 ஏக்கர் நிலம் அந்தக் காசில் வாங்கியது. அரசு தந்த இடமல்ல.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணிக்கர் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில் ஓவியப் பள்ளிக்குள் போனவர். "உன் அப்பா தூரிகை பிடித்தாரா?" என்று கேட்டிருந்தால் அவர் வாசலிலேயே நின்றிருப்பார்.

இன்று அந்தக் கேள்வியை அரசே கேட்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். சிற்பி, பொற்கொல்லர் மட்டுமல்ல, சலவை, முடிதிருத்தம், செருப்புத் தைத்தல் எல்லாம் அதில் உண்டு. 'குடும்பவழிப் பாரம்பரியத் தொழில்' என்கிறது விதி. வயது 18 ஆனால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதில், அப்பன் தொழிலுக்குக் கடன் நீட்டுகிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதை இந்த வடிவில் ஏற்க மறுத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கூடாது, வயது 35 ஆக வேண்டும் என்றது. 2025இல் 25 தொழில்களுடன் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது.

"பரம்பரைக் கைவினைஞர் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். கட்டாயம் பிழைக்க வேண்டும். கடன் கொடுங்கள், கருவி கொடுங்கள், சந்தை கொடுங்கள். பாட்டன் தொழிலை மட்டும் விசாரிக்காதீர்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பதல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். பொற்கொல்லர் மகள் பொறியாளர் ஆகலாம் என்பது எவ்வளவு நியாயமோ, துப்புரவுத் தொழிலாளியின் மகள் தங்கத்தில் நகை வடிப்பதும் அவ்வளவு நியாயம். இரண்டு கதவும் சேர்ந்து திறந்தால்தான் அது சமூகநீதி.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சுவரெல்லாம் கிறுக்கும் தம்பி, தங்கை இருந்தால் திட்டாதீர்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. இடஒதுக்கீடும் இருக்கிறது. கடம்பத்தூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் சென்னை. இந்த ஆண்டு இங்கிருந்து ஒருவரையாவது விண்ணப்பிக்க வையுங்கள்.