வரைபடத்தில் ஊர்ப்பெயர்



வட சென்னையில் மணலியை அடுத்துள்ள ஊர் மாத்தூர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, அவ்வட்டாரத்தை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வேளையில் மின்சாரம் நின்றுவிடும், கைப்பேசியும் ஓய்ந்துவிடும். காகிதத்தில் அச்சிட்ட வரைபடமே துணை. அதில் ஊர்ப்பெயர் கண்ணுக்குப் புலப்படாவிட்டால் என் செய்வது?

கணிப்பொறி வரைபடத்தை அச்சிடுகையில் இத்தொல்லை நேர்வதுண்டு. காரணம் யாது? அங்குலத்திற்கு 96 புள்ளிகள் உள்ள திரையில், 12 புள்ளி உயரமுள்ள எழுத்து 3 மில்லிமீட்டருக்குச் சற்று மிகும். அங்குலத்திற்கு 300 புள்ளி இடும் அச்சுப்பொறியிலோ, அதே 12 புள்ளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். ‘மாத்தூர்’ என்ற சொல்லில் மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் இரண்டும் மறைந்தே போம்.

எழுத்தை நிலத்தின் அளவோடு பிணைப்பதும் பிழையே. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில், 2 மில்லிமீட்டர் எழுத்து 100 மீட்டர் நிலத்தை மறைக்கிறது. அந்த 100 மீட்டரையே எழுத்தின் அளவாக நிறுத்திப் படத்தை 1:10,000 ஆகப் பெருக்கினால், எழுத்து 10 மில்லிமீட்டராகித் தெருக்களை விழுங்கும்; 1:2,50,000 ஆகச் சுருக்கினால், 0.4 மில்லிமீட்டராகி மங்கும்.

படத்தில் நிலம் சுருங்கலாம். படிப்பவர் கண் சுருங்குவதில்லை. ஆதலின் எழுத்தின் உயரத்தைக் காகிதத்தின் மில்லிமீட்டரில் குறிப்பதே முறை. இடம் போதாவிடில், எழுத்தைக் குறைக்காமல் பெயர்களைக் குறையுங்கள். எப்பெயரை விடுவது என்பதைப் படத்தின் பயனே தீர்மானிக்கும். வெள்ள நிவாரணப் படத்தில் மாத்தூரை விடலாகாது. முடிவில், ஒரு தாளை அச்சிட்டு, கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.