வேலையாளை அழைக்கும் காலமும் முறையும்
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



கூலி கூடிவிட்டது, ஆளும் கிடைப்பதில்லை என்னும் முறைப்பாட்டை நான் செல்லுமிடமெல்லாம் கேட்கின்றேன். அது உண்மையே. ஆயினும் கூலியால் வரும் நட்டத்திலும், ஆள் பிந்தி வருவதால் வரும் நட்டம் பெரிது. எவ்வேலைக்கு, எந்நாளில், எத்தனை பேரை அழைப்பது என்பதை விதைப்பதற்கு முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். இதுவே இன்று நான் கூற வந்த விடயம்.

கமத்தில் பொறுக்கும் வேலையும் உண்டு. பொறுக்காத வேலையும் உண்டு. வேலியடைத்தல், கூட்டெரு சேர்த்தல் முதலியன பொறுக்கும். அவற்றை வீட்டாரே ஆறுதலாகச் செய்யலாம். நாற்று நடுதல், முதற் களை பிடுங்குதல், அறுவடை ஆகியன பொறுக்கா. மூன்று, மூன்றரை மாத நெல்லினங்களின் நாற்றை இரண்டு முதல் மூன்று வாரத்துள் நட்டுவிட வேண்டும். முதல் ஆறு வாரமும் வயலிற் களை மிஞ்சலாகாது. கதிரில் நூற்றுக்கு 85 மணிகள் வைக்கோல் நிறமடைந்ததும் வெட்ட வேண்டும். பிந்தினால் மணி உதிரும், குற்றும்போது அரிசி நொறுங்கும்.

நான் சேவையிற் சேர்ந்த புதிதில் ஒரு கமக்காரரின் நாற்றுமேடையைப் பார்வையிட்டேன். நாற்றுக்கு வயது முப்பது நாளாகியிருந்தது. “கூலி குறையட்டும் என்று பார்த்திருந்தேன்” என்றார் அவர். நட்ட பயிர் போதிய மட்டம் வெடிக்கவில்லை. குறைந்த கூலியில் மிச்சம்பிடித்ததை அவர் விளைச்சலில் இழந்தார்.

ஆட்கணக்குப் போடுவது கடினமன்று. உங்கள் வயலை நட்டு முடிக்கப் பன்னிரண்டு ஆள்நாள் வேண்டும் எனக் கொள்வோம். வீட்டில் இருவர் உளர். அவர்கள் மட்டும் நட்டால் ஆறு நாள் செல்லும். நாற்றோ மூன்று நாளே பொறுக்கும். ஆகவே நால்வர் வேண்டும். இருவரை மூன்று நாளைக்கு அழைத்தாற் போதும். அக்கூலியை நெல்லின் விலையாற் பிரித்து, எத்தனை கிலோ நெல் அதற்குச் செல்லும் என்றும் பாருங்கள். பிந்துவதால் அதனிலும் கூடுதலான நெல்லை இழப்பீர்களாயின், தயங்காது ஆளை அழையுங்கள்.

அழைக்குமுன் வேறு வழியுண்டா என்றும் ஆராய்க. அயலவருடன் மாறி மாறி வேலை செய்யலாம். வரிசையில் நட்டிருப்பின் களைகட்டும் கருவியைப் பயன்படுத்தலாம். மரக்கறித் தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் நடாது, பத்து நாள் இடைவிட்டுப் பகுதி பகுதியாக நட்டால், பறிக்கும் வேலையும் பகிர்ந்து வரும்; வீட்டாரே சமாளிப்பர். குளத்து நீரை நம்பிய வயல்களிலோ பயிர்ச்செய்கைக் கூட்டமே திகதியைக் குறிக்கின்றது; அயலார் யாவருக்கும் ஒரே வாரத்தில் ஆள் தேவைப்படும். ஆதலின் அக்கூட்டம் முடிந்த அன்றே வேலையாட்களுடன் பேசி நாளை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

இனி, அமர்த்தும் முறை. நேர்த்தி வேண்டிய நடுகை, களை பிடுங்கல், பழம் பறித்தல் ஆகியவற்றுக்கு நாட்கூலியே நன்று. கான் வெட்டுதல், எருச் சுமத்தல் போன்று அளந்து பார்க்கக்கூடியவற்றை ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். நடுகையை ஒப்பந்தமாகக் கொடுத்தால், விரைவை நாடி இடைவெளியை அகலமாக்கிவிடுவர். கூலி, வேலைநேரம், உணவு ஆகியவற்றை முதல்நாளே பேசி முடித்துக்கொள்க. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுங்கள். பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அமர்த்தாதீர்கள். 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. பூச்சிநாசினி தெளிக்கும் வேலையை, பழக்கமும் பாதுகாப்பு உடையும் இல்லாதவரிடம் ஒருபோதும் ஒப்படையாதீர்கள்.

வேலை நடக்கும்போது நீங்களும் வயலில் நில்லுங்கள். அன்றைய கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். ஆள் தட்டுப்பாடான வாரத்தில், சொன்னபடி கூலி கொடுப்பவரின் வயலுக்கே வேலையாள் முதலில் வருவார்.

ஒவ்வொரு வேலைக்கும் சென்ற ஆள்நாளை ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். அடுத்த போகத்தில் எத்தனை பேர் வேண்டும் என்று நீங்கள் எவரையும் கேட்க வேண்டியதில்லை.